பிச்சோலிமில் நடக்காத போர்

கோவாவின் வடபகுதியில் பிச்சோலிம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு போர் நடந்தது. போர்ச்சுகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் 1640-இன் நடுவில் மூண்டு, 1641 தொடக்கத்தில் சமாதான உடன்படிக்கையோடு முடிந்த போர் அது என்றது கட்டுரை. சுமார் 4,500 சொற்கள், ஒழுங்கான பிரிவுகள், வரிசையாக அடிக்குறிப்புகள். 2007 ஜூலையில் எழுதப்பட்ட அந்தக் கட்டுரைக்கு இரண்டே மாதத்தில் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியும் கிடைத்தது.

2012 டிசம்பர் வரை அது அப்படியே இருந்தது. அந்த மாதம் ஒரு பயனர், கட்டுரை தாங்கி நின்ற நூல்களைத் தேடிப் போனார். எந்த நூலகப் பட்டியலிலும் அவை இல்லை. நூல்களே இல்லை, போரும் இல்லை. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் ஒரு முழுக் கற்பனை, கலைக்களஞ்சியக் கட்டுரையாக உலவியிருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் சிவாஜியைப் படித்தவர்களுக்கு முதல் வரியே நெருட வேண்டும். சிவாஜி பிறந்தது 1630-இல், முடிசூட்டிக்கொண்டது 1674-இல். 1640-இல் அவர் பத்து வயதுச் சிறுவர். மராட்டியப் பேரரசு என்ற ஒன்றே அப்போது கிடையாது. அப்படியிருந்தும் கட்டுரை நின்றது. காரணம், அதைச் சோதித்தவர்கள் பார்த்தது வடிவத்தை. நடை சீராக இருக்கிறதா, அடிக்குறிப்பு போட்டிருக்கிறதா, பிரிவுகள் சரியா என்று பார்த்தார்கள். அடிக்குறிப்பில் இருக்கும் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்க ஐந்தரை ஆண்டு ஆனது.

ஊர் கூடி எழுதும் ஒரு கலைக்களஞ்சியத்தை எப்படி நம்புவது, எவ்வளவு நம்புவது என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. இன்று ஒரு பள்ளி மாணவி கட்டுரை எழுத உட்கார்ந்தாலும், ஒரு நிருபர் இரங்கல் குறிப்பு எழுத உட்கார்ந்தாலும் முதலில் போய் நிற்கும் இடம் விக்கிப்பீடியாதான். கூகுள் தேடலின் ஓரத்தில் வரும் சிறு பெட்டியும், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சொல்லும் பதில்களும் பல நேரங்களில் அங்கிருந்து எடுத்தவை. ஆகவே விக்கிப்பீடியாவைத் திறக்கவே இல்லை என்று சொல்பவர்களும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது பிறந்த கதையில் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. 2000-இல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கியது நூபீடியா என்ற வேறொரு களஞ்சியம். அதில் அறிஞர்கள் எழுதுவார்கள்; ஏழு கட்டச் சோதனைக்குப் பிறகே கட்டுரை வெளியாகும். ஓராண்டில் தேறியவை இருபதை ஒட்டிய கட்டுரைகள்தாம். பிறகு 2001 ஜனவரி 15 அன்று வரிசையைத் தலைகீழாக்கி விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். முதலில் வெளியிடு, பிறகு திருத்திக்கொள்ளலாம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்.

தமிழில் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. அங்கே எழுதியவர்களுக்கும் தொகுத்தவர்களுக்கும் பெயரும் பொறுப்பும் இருந்தன.  விக்கிப்பீடியாக் கட்டுரைக்குக் கீழே பெயர் கிடையாது. அந்தப் பெயர் தரும் நம்பிக்கையின் இடத்தில் அது வைத்திருப்பது ஒரு விதி: எழுதியவர் யார் என்பது முக்கியமில்லை, எங்கிருந்து எடுத்தார் என்பதைக் காட்ட வேண்டும். சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஏற்கெனவே நம்பகமான ஓரிடத்தில் அச்சாகியிருக்க வேண்டும். அப்படிக் காட்டாத வரியின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒரு சிறு குறி விழும்.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா? 2005 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாக் கட்டுரைகளையும் பிரிட்டானிகா கட்டுரைகளையும் எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்தது. பெரும்பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறுபிழைகளும் விடுபாடுகளும் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிகாவில் 123. அதாவது கட்டுரைக்குச் சராசரியாக நான்குக்கு மூன்று. பிரிட்டானிகா கடுமையாக மறுத்தது. நேச்சர் தன் முடிவில் நின்றது. ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு களஞ்சியம், 1768-இல் தொடங்கிய ஒன்றுக்கு இவ்வளவு அருகில் வந்தது உண்மையிலேயே பெரிய செய்திதான்.

ஆனால் வாசகர் சராசரியைப் படிப்பதில்லை. அவர் படிப்பது ஒரே ஒரு பக்கத்தை.

அதே 2005-இல், நேச்சர் ஆய்வு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன்னைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தைப் பார்த்தார். அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் அவருக்குத் தொடர்பு இருக்கலாமென்று ஒரு காலத்தில் கருதப்பட்டதாக அந்தப் பக்கம் சொன்னது. யாரோ விளையாட்டாக எழுதிய வரி. நான்கு மாதத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. எழுபத்தெட்டு வயது மனிதர் அதைப் படித்தபோது எப்படி உணர்ந்திருப்பார்? அந்த நவம்பரில் ‘யுஎஸ்ஏ டுடே’யில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், பதிவு செய்யாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய பக்கம் தொடங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. வாழும் மனிதர்களைப் பற்றிய பக்கங்களுக்குத் தனியாகக் கடுமையான விதிகளும் எழுந்தன.

கென்னடியைப் பற்றிய பக்கத்தில் அப்படி ஒரு வரி நான்கு மாதம் நின்றிருக்காது. அங்கே ஆயிரம் கண்கள். சீகந்தாலரின் பக்கத்துக்கு வருவோர் குறைவு. பிச்சோலிமுக்கு அதைவிடக் குறைவு. விக்கிப்பீடியாவை மொத்தமாக நம்பலாமா கூடாதா என்று கேட்பதால் விடை கிடைக்காத காரணம் இதுதான். இந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேர் இதன்மேல் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் விடை கிடைக்கும். அந்த விடை மறைவில் இல்லை. பக்கத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் வழக்கமாகக் காணக்கூடிய ஓர் ஊர்ப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் பத்தியில் மக்கள்தொகை, ஆண் பெண் எண்ணிக்கை, எழுத்தறிவு விழுக்காடு. 2001 கணக்கெடுப்பை வைத்துத் தானியங்கி நிரல் உருவாக்கிய பக்கங்கள் பல உண்டு. அந்த எண்களுக்குப் பெரிதாகப் பழுதில்லை, பழசாகியிருக்கும், அவ்வளவுதான். அதன் கீழே நடை மாறும். கோயில் ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமை வாய்ந்ததாகக் கருதப்படுகிறது’. முன்னாள் தலைவர் ஒருவர் ‘மக்கள் மனத்தில் நீங்கா இடம் பெற்றவர்’. இப்போது மேலே உள்ள வரலாற்றைக் காட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்தில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் தேதி, நேரத்தோடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஓர் எண்: சேர்த்தது பச்சையில், நீக்கியது சிவப்பில். கோயில் வரியும் தலைவர் வரியும் ஒரே நாளில் ஒரே கையால் வந்ததா, அந்தக் கை வேறெந்தப் பக்கத்தையும் தொட்டிருக்கிறதா, அதற்குப் பிறகு யாராவது அதைத் திருத்தினார்களா எல்லாம் அரை நிமிடத்தில் தெரியும். அச்சுக் களஞ்சியம் எதுவும் தன் அடித்தல் திருத்தல்களை வாசகருக்கு இப்படித் திறந்து காட்டியதில்லை.

அந்தக் ‘கருதப்படுகிறது’ மேல் தனியாக ஒரு கண் வைப்பது நல்லது. தமிழில் ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘போற்றப்படுகிறார்’ என்று எழுதிவிட்டால் கூறியவர் யார், போற்றியவர் யார் என்பது வாக்கியத்திலிருந்து நழுவிவிடும். சீகந்தாலரின் பக்கத்திலும் ‘கருதப்பட்டது’தான் இருந்தது. செய்தது யார் என்று தெரியாத வினையைக் கண்டால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் கருதியது?

அடிக்குறிப்பு இருந்தாலே போதும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2008-இல் பிரேசில் போய் வந்த ஓர் அமெரிக்க மாணவர், கோட்டி என்ற விலங்கின் விக்கிப்பீடியாப் பக்கத்தில், அதற்குப் ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என்று ஒரு வரி சேர்த்தார். அவரே புனைந்த பெயர். சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. அந்த நாளிதழ்களில் ஒன்றே பிறகு விக்கிப்பீடியா வரிக்கு அடிக்குறிப்பானது. பொய் ஊர் சுற்றிவிட்டுச் சான்றோடு வீடு திரும்பியது. 2014-இல் ‘நியூயார்க்கர்’ இதழ் இந்தக் கதையை எழுதும்வரை பெயர் நிலைத்தே இருந்தது. ஆகவே அடிக்குறிப்பில் இருக்கும் செய்தி எந்த ஆண்டில் வந்தது, விக்கிப்பீடியாவில் அந்த வரி எந்த ஆண்டில் நுழைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் முந்தியது எது என்று சொல்ல முடியாது.

2009 மார்ச்சில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்துக்கு இசையமைத்த மொரீஸ் ஜார் இறந்தபோது நடந்தது இன்னும் கவலைக்குரியது. டப்ளினில் படித்த ஒரு மாணவர், ஜார் சொன்னதாக ஓர் அழகான மேற்கோளை இட்டுக்கட்டி அவர் பக்கத்தில் போட்டார். சான்றில்லை என்று விக்கிப்பீடியர்கள் அதைத் திரும்பத் திரும்ப நீக்கினார்கள். அதற்குள் இந்தியா உட்படப் பல நாட்டு நாளிதழ்களின் இரங்கல் குறிப்புகளில் அது ஏறிவிட்டது. ஒரு மாதம் கழித்து மாணவரே எழுதித் தெரிவித்த பிறகுதான் ‘தி கார்டியன்’ போன்றவை திருத்தம் வெளியிட்டன. இதில் தவறியது விக்கிப்பீடியா இல்லை. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் கேட்ட கேள்வியைச் சம்பளம் வாங்கிய செய்தி மேசைகள் கேட்கவில்லை.

நீதிமன்றங்களும் இந்தக் குழப்பத்துக்கு வெளியே இல்லை. கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில், 2010 அக்டோபரில் தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்றம், சட்டப்படி மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோரைப் பற்றிய ஒரு கருத்தை விளக்க விக்கிப்பீடியாவைச் சுட்டியது. அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில், கணினிகளுக்கான சுங்கவரி வழக்கு ஒன்றில், இத்தகைய கூட்டுத் தொகுப்புக் களஞ்சியங்களை வழக்குகளில் ஆதாரமாகக் கொள்வது குறித்து எச்சரித்தது.

பிழை ஒரு பக்கம். சாய்வு வேறு. பிழையைப் புத்தகம் வைத்துத் திருத்திவிடலாம். ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருந்து, மொத்தப் பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

தமிழ் விக்கிப்பீடியா ‘நடுநிலை நோக்கு’ என்று அழைக்கும் கொள்கையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஆளுக்குப் பாதி இடம் கொடுப்பது அல்ல அது. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குப் பிறகும் ‘சிலர் உண்டு என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள்’ என்று எழுதுவது நடுநிலை ஆகாது. நோயாளிக் குழந்தைக்கு இழைக்கும் அநியாயம். துறையில் எந்தக் கருத்துக்கு எவ்வளவு கனமோ அந்த அளவுக்கே இடம் என்பதுதான் கொள்கை.

உண்மையாகவே இரு தரப்புக்கும் நியாயம் இருக்கும் இடத்தில் வேறு வழி வேண்டும். போலந்துத் துறைமுக நகரம் க்தான்ஸ்க் ஒரு காலத்தில் ஜெர்மானியர் பெயரிட்ட டான்ஸிக். எந்தப் பெயரை எழுதுவது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் முடிவில்லாத தொகுப்புப் போர். 2005-இல் வாக்கெடுப்பு வைத்து, 1308 முதல் 1945 வரையிலான காலத்தைப் பேசும்போது டான்ஸிக், மற்றக் காலங்களுக்கு க்தான்ஸ்க் என்று முடிவுகட்டினார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் விதி வெளிப்படையாக இருந்தது, சண்டையின் சுவடும் பேச்சுப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது.

தமிழுக்கு இந்தச் சிக்கல் வினைமுற்றிலேயே காத்திருக்கிறது. ‘ஆண்டான்’ என்பதா ‘ஆண்டார்’ என்பதா? இராசராசன் ஆண்டான் என்று எழுதுகிறோம். நேற்றைய முதலமைச்சர் ஆண்டார் என்கிறோம். போரில் ஒரு தரப்புத் தளபதி ‘வந்தார்’, எதிர்த்தரப்புத் தளபதி ‘வந்தான்’ என்று ஒரு கட்டுரை எழுதினால், சான்றுகள் அத்தனையும் சரியாக இருந்தாலும் கட்டுரை சாய்ந்துவிட்டது. பட்டங்களும் அப்படியே. தமிழகம் பட்டப்பெயரால் மட்டுமே அழைத்துப் பழகிய தலைவர்களின் பக்கங்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘மு. கருணாநிதி’, ‘ம. கோ. இராமச்சந்திரன்’ என்றே தலைப்பிடப்பட்டுள்ளன. தொண்டர்கள் நிறைந்த ஒரு மாநிலத்தில் இந்த எளிய தலைப்புகளைக் காப்பாற்றி வருவது எளிய காரியம் அல்ல, செய்கிறவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

எழுதாமல் விட்டதும் சாய்வுதான். 2018 அக்டோபர் 2 அன்று இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட காலையில், பரிசு பெற்ற டானா ஸ்ட்ரிக்லாண்டுக்கு விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அதே ஆண்டில் ஒருவர் அவரைப் பற்றி எழுதிக் கொடுத்த வரைவு, போதிய சான்று இல்லை என்று மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. விதியை ஒழுங்காகத்தான் பின்பற்றினார்கள். ஊடகம் எழுதாத பெண்ணுக்குச் சான்று கிடைக்காது, சான்று இல்லாத பெண்ணுக்குப் பக்கம் கிடைக்காது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஒரு மொழியின் முழு விக்கிப்பீடியாவும் சிலரின் கைக்குள் போய்விடுவது. குரோஷிய விக்கிப்பீடியாவில் அது நடந்தது. தீவிர வலதுசாரி எண்ணம் கொண்ட சில நிர்வாகிகள் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆதிக்கம் செலுத்தினார்கள். போலிக் கணக்குகளால் வாக்கெடுப்புகளை வென்றார்கள். எதிர்த்தவர்களைத் தடை செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குரோஷியாவின் உஸ்தாஷா பாசிச ஆட்சி செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் கொன்று குவித்த யாசெனோவாட்ஸ் முகாம், அந்தப் பக்கங்களில் வெறும் உழைப்பு முகாமாக மென்மையாக்கப்பட்டது. 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே, மாணவர்கள் குரோஷிய விக்கிப்பீடியாவைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. முக்கிய நிர்வாகி நீக்கப்பட்டது 2020-இல். அடுத்த ஆண்டு விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை, வரலாறு எப்படித் திரிக்கப்பட்டது என்பதை விரிவாகப் பதிவு செய்தது.

ஸ்காட்ஸ் மொழியில் கெட்ட எண்ணம் கூடத் தேவைப்படவில்லை. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவன், அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தது 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. அந்தக் களஞ்சியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆர்வத்தில் செய்த பிழை. தடுக்க அங்கே ஆள் இல்லை.

தமிழ் இவ்விரண்டு கதைகளையும் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதை ஏறத்தாழத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர் இலங்கையைச் சேர்ந்த, வளைகுடாவில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். 2017 மே மாதம் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. ஆனால் ஒரு மாதத்தில் ஒரு முறையாவது தொகுப்பவர்கள் சில நூறு பேர்தாம். ஆங்கிலத்தில் அந்த எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும்.

எண்ணிக்கை குறைந்தாலும் விழிப்பு குறையவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2009-ஐ ஒட்டிக் கூகுள் நிறுவனம், பணம் கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கொண்டுவந்து கொட்டியது. கட்டுரை எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. நல்ல செய்திதானே என்று விட்டுவிடாமல், நடை சிதைகிறது, தலைப்புத் தேர்வு பொருந்தவில்லை என்று தமிழ்த் தன்னார்வலர்கள் ஆலமரத்தடியில் விவாதித்தார்கள். ஆலமரத்தடி என்பது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கத்தின் பெயர். 2010-இல் உலக விக்கிப்பீடியர் மாநாட்டிலும் அந்தக் குறைகளை எடுத்துவைத்தார்கள். மாநாடு நடந்த ஊர், பெயருக்காக அத்தனை சண்டை போட்ட அதே க்தான்ஸ்க்.

ஆயினும் லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆலமரத்தடியில் இருந்துகொண்டே காவல் காக்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்தால், தலைப்பை ஒட்டி ‘உரையாடல்’ என்று ஒரு தாவல் தெரியும். அந்தக் கட்டுரையைப் பற்றி வாசகர்கள் ஐயம் எழுப்பவும், பிழை சொல்லவும், சான்று கேட்கவும் உள்ள இடம் அது. கணக்குத் தொடங்காமலும் எழுதலாம். யாராவது ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தாலும் அது நீல நிறத்தில் இருக்கும். யாருமே எதுவும் கேட்டதில்லை என்றால் சிவப்பில் இருக்கும். நம் ஊர்ப் பக்கம், நம் கோயில் பக்கம், நாம் படித்த எழுத்தாளரின் பக்கம் என்று ஒரு பத்துக் கட்டுரைகளைத் திறந்து பார்த்தால், எத்தனை தாவல்கள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன என்பது தெரியும்.